கோகுவின் முகவரி எத்தனை முறை மாறும்?

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் பாளையங்கோட்டையில் இருக்கும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. சபையில் 22 வருடம் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கும் பாடம் எடுத்திருக்கிறேன். இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. நான் எழுதப்போகிற விஷயத்தை எங்கள் ஆட்கள் மத்தியில் வாய் திறந்து கேட்டால், "அக்கா விசுவாசத்தில் பின்வாங்கிவிட்டார்கள்" என்று மறுநாளே பேச்சு வந்துவிடும். பின்வாங்கவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் விசுவாசப் பிரமாணத்தில் உயிருள்ளோரையும் மரித்தோரையும் நியாயந்தீர்க்க இயேசு வருவார் என்று சொல்கிறேன், சொல்வதை நம்பவும் செய்கிறேன்.

போன வாரம் உங்கள் ஆன்மிகப் பக்கத்தில் ஒரு கிறிஸ்தவ ஊழியர் எழுதிய கட்டுரையைப் படித்தேன். இஸ்ரேலும் ஈரானும் மோதிக்கொள்வது வேதாகமத்தின் எசேக்கியேல் புத்தகத்தில், கோகு என்ற எதிரியைப் பற்றிய 38 ஆம் அதிகாரத்தில் அப்படியே இருக்கிறது, அடுத்து ரஷ்யா இறங்கும், துருக்கி சேரும், கடைசியில் அர்மகெதோன் என்ற உலகத்தின் கடைசி யுத்தம் என்று ரயில்வே கால அட்டவணை மாதிரி வரிசையாக எழுதியிருந்தார். அதே வாரம் எங்கள் தெருமுனையில் மூன்று நாள் சிறப்புக் கூட்டத்துக்கு ஒரு சுவரொட்டி ஒட்டினார்கள். ஒரு பக்கம் ஏவுகணை, மறு பக்கம் பளபளக்கும் தங்கக் கூரையோடு எருசலேம். (அந்தத் தங்கக் கூரை முஸ்லிம்களின் பாறைக் குவிமாடம். அச்சடித்தவருக்குத் தெரியுமோ என்னவோ.)

இதெல்லாம் வழக்கம்தானே என்று நானும் விட்டிருப்பேன். விட முடியாமல் போனது என் தங்கை பேத்தியால். ஒன்பது வயது. கூட்டத்து ஒலிபெருக்கி அவர்கள் வீட்டு மாடிக்கு நேராக இருக்கிறது. கிறிஸ்தவரல்லாத வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: ரகசிய வருகை என்று ஒரு போதனை இருக்கிறது. ஒரு நாள் திடீரென்று, கண் இமைக்கும் நேரத்தில், உண்மையான விசுவாசிகள் மட்டும் வானத்துக்கு எடுத்துக்கொள்ளப்படுவார்கள். மற்றவர்கள் பூமியில் கைவிடப்பட்டு ஏழு வருடம் அந்திக்கிறிஸ்துவின், அதாவது கடைசிக் காலத்தில் எழும்பும் கிறிஸ்துவின் எதிரியின், ஆட்சியில் உபத்திரவப்படுவார்கள் என்பது அது. அதைக் கேட்டதிலிருந்து பிள்ளை ராத்திரி இரண்டு மூன்று தடவை எழுந்து, பக்கத்தில் அம்மா படுத்திருக்கிறாளா என்று கையை வைத்துப் பார்க்கிறாள். இருக்கிறாள் என்று தெரிந்த பிறகுதான் தூங்குகிறாள்.

இதை என் தங்கை சொன்னதும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. காரணம், நானே அப்படி இருந்தவள். எட்டு வயதில் பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்கு வந்தால் கதவு திறந்து கிடக்கிறது, அடுப்பில் சோறு கொதிக்கிறது, அம்மாவைக் காணவில்லை. வருகை வந்துவிட்டது, என்னை மட்டும் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள் என்று முடிவு செய்து வாசற்படியில் உட்கார்ந்து அழுதேன். அம்மா பக்கத்து வீட்டுக்கு உறைமோர் வாங்கப் போயிருந்தாள். ஐந்து நிமிடம்தான் இருக்கும். அந்த ஐந்து நிமிடத்தை இன்னும் மறக்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எசேக்கியேல் 38, 39 அதிகாரங்களை நம் வாசகர்கள் ஒரு தடவை முழுதாக எடுத்துப் படிக்க வேண்டும். மாகோகு தேசத்தானாகிய கோகு என்று ஒருவன், மேசேக், தூபால் ஜாதிகளின் அதிபதி, வட திசையிலிருந்து பெரிய சேனையோடு இஸ்ரவேல் மலைகள்மேல் வருகிறான். பெர்சியர், எத்தியோப்பியர், லீபியர், கோமேர், தொகர்மா எல்லோரும் கூட வருகிறார்கள். கடவுள் அவனை அங்கேயே விழத்தள்ளுகிறார். அவர்கள் விட்டுப்போன கேடகம், வில், அம்பு, ஈட்டி இவற்றை இஸ்ரவேலர் ஏழு வருடம் விறகாக எரிக்கிறார்கள், பிணங்களைப் புதைக்க ஏழு மாதம் ஆகிறது. எல்லோரும் குதிரையில் வருகிறார்கள். பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்ட ஒரு ஆசாரியன், நாடு போய், ஆலயம் போய், இனி நமக்கு யார் துணை என்று கிடந்த ஜனத்துக்குச் சொன்ன வார்த்தை அது. அதைக் கேட்டவர்களுக்கு நிச்சயம் ஆறுதலாக இருந்திருக்கும்.

இப்போது கோகு யார் என்பதைப் பாருங்கள். முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ், மாகோகு என்றால் கருங்கடலுக்கு வடக்கே இருந்த சீத்தியர் என்ற நாடோடி இனம் என்றார். நான்காம் நூற்றாண்டில் கோத் இனத்தார் ரோமப் பேரரசுக்குள் புகுந்து அடித்துக்கொண்டிருந்தபோது மிலான் நகரத்து ஆயர் அம்புரோஸ், கோகு என்பது கோத்துதான் என்று சந்தேகமே இல்லாமல் எழுதினார். பெயரும் எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது! 13 ஆம் நூற்றாண்டில் மங்கோலியர் ஐரோப்பாவுக்குள் வந்ததும் அவர்கள்தான் கோகு, மாகோகு என்றார்கள். 1529 இல் துருக்கிய சுல்தான் சுலைமான் வியன்னாவை முற்றுகையிட்டார், அடுத்த வருடமே லூத்தர் எசேக்கியேலின் அந்த இரண்டு அதிகாரங்களை மட்டும் தனியாக மொழிபெயர்த்து அச்சிட்டு, துருக்கியன்தான் கோகு என்று முன்னுரையும் எழுதினார். பெரிய பெரிய ஆட்கள் சார், யாரும் தெரு முனையில் மைக் பிடித்தவர்கள் இல்லை. ஒவ்வொருவருக்கும் தன் காலத்து எதிரியின் முகம்தான் அந்த வசனத்தில் தெரிந்திருக்கிறது.

ரஷ்யா எப்படி உள்ளே வந்தது என்பது இன்னும் சுவாரசியம். எபிரேய மூலத்தில் அதிபதி என்று வருகிற இடத்தில் 'ரோஷ்' என்ற சொல் இருக்கிறது. தலை, தலைவன் என்று அர்த்தம். நம் வீடுகளில் இருக்கும் பழைய தமிழ் வேதாகமம் அதை அதிபதி என்றே மொழிபெயர்த்திருக்கிறது. ஆனால் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் அதை ஒரு இடத்தின் பெயராக எடுத்துக்கொண்டார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரோஷ் என்றால் ரஷ்யா, மேசேக் என்றால் மாஸ்கோ, தூபால் என்றால் சைபீரியாவிலுள்ள தொபோல்ஸ்க் என்று சேர்த்துவிட்டார்கள். கிரிமியப் போர் நடந்த 1850 களிலேயே இங்கிலாந்தில் இந்தப் பிரசங்கம் ஓடியது. 1909 இல் அமெரிக்கர் ஸ்கோஃபீல்டு தன் குறிப்புகளோடு ஒரு வேதாகமம் வெளியிட்டார், அதில் பக்கத்தின் அடியில் மாஸ்கோவும் தொபோல்ஸ்க்கும் வந்து உட்கார்ந்தன. வசனமும் குறிப்பும் ஒரே பக்கத்தில் இருந்ததால் படிக்கிறவர்களுக்கு இரண்டும் ஒன்றாகவே போய்விட்டது.

மாஸ்கோ என்ற பெயர் முதன்முதலில் எழுத்தில் வருவதே 1147 இல். தொபோல்ஸ்க் 1587 இல் கட்டின ஊர். எசேக்கியேல் வாழ்ந்ததோ கிறிஸ்துவுக்கு முன் ஆறாம் நூற்றாண்டு. அதற்கு முந்தைய அசீரியக் கல்வெட்டுகளில் முஷ்கி, தபால் என்று இரண்டு நாடுகள் வருகின்றன, இரண்டும் இன்றைய துருக்கிக்குள் இருந்தவை. எசேக்கியேலின் காதில் விழுந்த பெயர்கள் அவைதான். ஓசை ஒத்துப்போனால் ஊர் ஒத்துப்போய்விடும் என்றால் நம் ஊர்த் தபால் ஆபீசைக்கூடச் சேர்த்துக்கொள்ளலாம்.

ஆனால் பனிப்போர் காலத்தில் இதைக் கேள்வி கேட்க யாருமில்லை. ஹால் லின்ட்சே என்ற அமெரிக்கர் 1970 இல் எழுதிய புத்தகம் கோடிக்கணக்கில் விற்றது. ரஷ்யா வடக்கிலிருந்து வரும், சீனா 20 கோடிப் படையோடு கிழக்கிலிருந்து ஐபிராத்து (யூப்ரடீஸ்) நதியைக் கடக்கும், ஐரோப்பாவில் பத்து நாடுகள் சேர்ந்து அந்திக்கிறிஸ்துவின் ராஜ்யமாகும். 1984 இல் அமெரிக்க அதிபர் தேர்தல் விவாத மேடையிலேயே ரீகனிடம் அர்மகெதோன் நம்பிக்கை பற்றிக் கேட்கும் அளவுக்கு இது போயிருந்தது. அணுகுண்டுப் பொத்தான் யார் கையில் இருக்கிறதோ அவர் எந்தப் பிரசங்கம் கேட்கிறார் என்று ஜனங்கள் கவலைப்பட்டதில் தப்பில்லை. அதற்காகவே கோகு கதையை இவ்வளவு நீட்டினேன்.

அந்தப் பத்து நாட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். 1981 ஜனவரியில் கிரீஸ் சேர்ந்ததும் ஐரோப்பியப் பொதுச் சந்தையில் சரியாகப் பத்து நாடுகள் ஆயின. வேதாகமத்தின் தானியேல் புத்தகத்தில் வரும் மிருகத்துக்குப் பத்துக் கொம்பு. எனக்கு அப்போது பதினேழு வயது, எங்கள் ஊர்க் கன்வென்ஷனில் நீளமான துணியில் வரைந்த படத்தைப் பந்தலில் கட்டித் தொங்கவிட்டு, கோலால் தொட்டுத் தொட்டுப் பத்து நாடுகளையும் சொன்னார்கள். நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். 1986 இல் ஸ்பெயினும் போர்ச்சுகலும் சேர்ந்து பன்னிரண்டு ஆனபோது அந்தத் துணிப்படம் எங்கே போனதென்று யாரும் சொல்லவில்லை. பிறகு 15, 25, 28 என்று ஏறி, பிரிட்டன் விலகி இப்போது 27. இத்தனை கொம்பு உள்ள மிருகம் வேதாகமத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்திலும் கிடையாது.

1990 ஆகஸ்டு 2 ஆம் தேதி ஈராக் அதிபர் சதாம் உசேனின் படை குவைத்துக்குள் புகுந்தபோது என் சித்தப்பா அங்கே ஒரு கம்பெனியில் டிரைவர். மூன்று வாரம் எந்தத் தகவலும் இல்லை. அப்புறம் பாலைவனம் வழியாக ஜோர்டான் போய், அம்மானில் கூடாரத்தில் கிடந்து, ஏர் இந்தியா விமானத்தில் ஒரே ஒரு பையோடு பம்பாய் வந்து சேர்ந்தார். அப்படி வந்த இந்தியர்கள் ஒரு லட்சத்து எழுபதாயிரம் பேருக்கு மேல், நம் பக்கத்துக் குடும்பங்களில் பலருக்கு அந்தக் கதை தெரியும். 1991 ஜனவரியில் அமெரிக்கா குண்டு போட ஆரம்பித்த அதே வாரம் எங்கள் ஊரில் உபவாசக் கூட்டம். வெளியூரிலிருந்து வந்த பிரசங்கியார், ஈராக்தான் பாபிலோன், சதாம்தான் எருசலேமை அழித்த பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார், மகா பாபிலோன் விழுந்தது என்ற வசனம் நிறைவேறுகிறது, இந்த யுத்தம் அர்மகெதோனில்தான் போய் முடியும், இந்தக் கூட்டத்தில் இருக்கும் பிள்ளைகள் கல்யாணம் பார்க்க மாட்டார்கள் என்று முழங்கினார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அல்லேலூயா. சதாம் பழைய பாபிலோன் இடிபாடுகள்மேல் அரண்மனையைத் திரும்பக் கட்டிச் செங்கல்லில் தன் பெயரைப் பொறித்ததும் உண்மைதான், அதனால் கேட்பதற்கு இன்னும் பொருத்தமாக இருந்தது. சித்தப்பா கடைசி வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். குனிந்து என்னிடம், "குண்டு விழுந்தா எங்கூட வேல பாத்த பயலுவ மேலயும்லா விழும்?" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து வெளியே போய்விட்டார், அதற்குப் பிறகு அந்த மாதிரிக் கூட்டங்களுக்கு அவர் வந்ததே இல்லை.

பிப்ரவரி கடைசியில் போர் நின்றது. அந்த வருடக் கடைசியில் சோவியத் யூனியனே இல்லாமல் போனது, ரஷ்யாதான் வேதாகமத்தின் வடதிசை ராஜா என்று கொஞ்ச காலம் யாரும் பேசவில்லை. அந்தக் கூட்டத்துக்கு வந்த பிள்ளைகளுக்கெல்லாம் கல்யாணமாகிப் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தப் பிரசங்கியார் பிறகும் பல தடவை எங்கள் ஊருக்கு வந்தார், பாபிலோனைப் பற்றிச் சொன்னது தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. 2022 பிப்ரவரியில் உக்ரைனுக்குள் ரஷ்யா நுழைந்ததும் கோகு திரும்ப மாஸ்கோவுக்குக் குடிவந்துவிட்டான். அமெரிக்காவின் பழைய தொலைக்காட்சிப் பிரசங்கி பாட் ராபர்ட்சன், புட்டின் உக்ரைனுக்குள் போனது கடவுளின் தூண்டுதலால்தான், அவருடைய கடைசி இலக்கு இஸ்ரேல் என்று ஓய்விலிருந்து எழுந்து வந்து சொன்னார்.

தேதி குறித்தவர்கள் கதை தனி. வில்லியம் மில்லர் என்ற அமெரிக்க விவசாயியின் கூட்டத்தார் 1844 அக்டோபர் 22 என்றார்கள். நாசாவில் பொறியாளராக இருந்த விசனன்ட் 1988 செப்டம்பர் என்றார், நடக்கவில்லை என்றதும் மறுவருடம் என்றார். அமெரிக்க வானொலிப் பிரசங்கியார் ஹரால்டு கேம்பிங் 2011 மே 21 என்று உலகம் முழுக்க விளம்பரப் பலகை வைத்தார், சேமிப்பை எல்லாம் அதற்குக் கொடுத்துவிட்டு நின்றவர்கள் உண்டு. நம் பக்கமும் சும்மா இல்லை. 1860 களில் திருநெல்வேலிச் சீமையில் அருளப்பன் என்ற ஊழியர் காலத்தில் எழுந்த எழுப்புதல், அதாவது பெரிய பக்தி எழுச்சி, பிறகு திருவிதாங்கூர் வரை போனது. அங்கே தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து கிறிஸ்தவரான யுஸ்தூஸ் யோசேப்பு, வித்வான்குட்டி என்றால் கேரளத்தில் தெரியும், நல்ல கவிஞர், 1881 இல் கர்த்தர் வருவார் என்று சொல்லி ஒரு பெரிய கூட்டமே அவர் பின்னால் போனது. 1881 வந்தது, போனது.

இதில் ஒன்றைச் சொல்லாவிட்டால் நியாயமில்லை. மில்லர், நான் தவறிவிட்டேன் என்று வெளிப்படையாக எழுதினார். கேம்பிங்கும் 2012 இல், நாள் குறித்தது பாவம் என்று தன் ஆட்களுக்குக் கடிதம் எழுதினார். எனக்கு அவர்கள்மேல் மரியாதை உண்டு. மாட்டிக்கொள்ளாமல், தேதி மட்டும் சொல்லாமல், "மிக மிகச் சமீபம்" என்று நாற்பது வருடம் சொல்லிக்கொண்டே இருப்பவர்கள்தான் கெட்டிக்காரர்கள்.

எங்கள் பெஞ்சுகளில் உட்கார்ந்திருக்கும் பெரும்பாலானோருக்கு, இது வேதாகமத்தை வாசிக்கும் பல வழிகளில் ஒன்று என்பதே தெரியாது. ரகசிய வருகை, ஏழு வருட உபத்திரவம் என்ற இந்த வரிசையை இப்படி அமைத்தவர் ஜான் நெல்சன் டார்பி என்ற பிரசங்கியார். அவர் இதைப் போதித்தது 1830 களில். அதற்கு முன் 1,800 வருடம் கிறிஸ்தவர்கள் இந்த அட்டவணை இல்லாமல்தான் இயேசுவின் வருகைக்குக் காத்திருந்தார்கள். பழைய காலத்து ஆயர் அகுஸ்தீன், ஆயிரவருஷ அரசாட்சி (கிறிஸ்து ஆயிரம் வருடம் ஆளுவது) என்பதே திருச்சபையின் காலத்தைக் குறிக்கும் உருவகம் என்றார், கத்தோலிக்கரும் லூத்தரன்களும் ஏறக்குறைய அந்த வழியில்தான் இன்றும் இருக்கிறார்கள். தானியேல் 11 இல் வரும் வடதிசை ராஜாவும் தென்றிசை ராஜாவும் அலெக்சாந்தருக்குப் பின் வந்த சிரியா, எகிப்து ராஜாக்கள் என்பது பழைய உரைகாரர்களுக்கே தெரியும். மத்தேயு 24 இல் ஓடிப்போங்கள் என்று சொல்வதில் பெரும்பகுதி கி.பி. 70 இல் தீத்துவின் ரோமப் படை எருசலேமை அழித்தபோதே நடந்துவிட்டது என்று வாசிப்பவர்கள் உண்டு. வெளிப்படுத்தின விசேஷத்து மிருகத்தின் எண்ணான 666 க்கு யார் யார் பெயரோ பொருந்துகிறது, அதனால் ஊகம் செய்துகொண்டிருக்காமல் நிறைவேறும்வரை காத்திருப்பதே பத்திரம் என்று இரண்டாம் நூற்றாண்டிலேயே ஆயர் இரேனியு எழுதிவைத்துவிட்டார். புவியீர்ப்பு நியூட்டன்கூட தானியேலைப் பற்றி நூறு நூறு பக்கமாக எழுதியவர். அவரே, தீர்க்கதரிசனம் நம்மைத் தீர்க்கதரிசிகள் ஆக்கக் கொடுக்கப்பட்டதில்லை, அதை வைத்து முன்கூட்டிச் சொல்வது உரைகாரர்களின் மடத்தனம் என்ற பொருளில் சொல்லியிருக்கிறார்.

இதெல்லாம் எங்கள் ஐயர்மாருக்கு (சபை ஆயர்களை அப்படித்தான் அழைப்போம்) தெரியாதா? இறையியல் கல்லூரியில் இதைத்தான் படித்துவிட்டு வருகிறார்கள். பரீட்சையில் எழுதியதைப் பீடத்தில் ஏறினால் சொல்வதில்லை. சொன்னால் ஜனம் வேறு சபைக்குப் போய்விடும் என்ற பயம். அதனால் இந்த இடம் காலியாக இருக்கிறது, மைக் வைத்திருப்பவர் வந்து நிரப்பிக்கொள்கிறார். சுவரொட்டி ஒட்டுபவரைவிட எனக்கு இவர்கள்மேல்தான் வருத்தம் அதிகம்.

அர்மகெதோன் என்ற ஊரைப் பற்றியும் இரண்டு வரி. எபிரேயத்தில் ஹர் மெகிதோ, மெகிதோ மலை. போய்ப் பார்த்தால் மலை கிடையாது. யெஸ்ரயேல் சமவெளியில், ஊர்மேல் ஊராகக் கட்டிக் கட்டி உயர்ந்த ஒரு மேடு. எகிப்துக்குப் போகும் பாதை அதன் அடியில் போவதால் பழங்காலம் முதல் அங்கே சண்டை. நல்ல ராஜாவான யோசியா பார்வோன் நேகோவிடம் செத்தது அங்கேதான். 1918 செப்டம்பரில் ஆங்கிலத் தளபதி ஆலன்பி துருக்கியரை முறியடித்த போருக்கும் மெகிதோ என்றுதான் பெயர், அவருக்குக் கொடுத்த பட்டத்திலும் மெகிதோ உண்டு. அந்தப் போரில் கணவாய் வழியாகப் பாய்ந்த குதிரைப்படையில் பெரும்பகுதி இந்தியர்கள், கையில் நிஜமாகவே ஈட்டி. அப்போதும் பலர் இதுதான் கடைசி என்றார்கள்.

கடைசியாக, எனக்கு உண்மையிலேயே உறுத்தும் விஷயம். இந்த விளக்கத்தில் போர் என்பது துக்கமாக இருப்பதில்லை. நற்செய்தியாகிவிடுகிறது. 2023 அக்டோபரிலிருந்து எங்கள் ஜெபக் குழுவின் வாட்ஸ்அப்பில் வந்த செய்திகளில் பாதிக்கு மேல், "மகிழுங்கள், மீட்பு சமீபம்" என்ற வகை. அந்த மாதம் 19 ஆம் தேதி காசாவில் புனித பொர்பிரியு ஆலய வளாகத்தில் குண்டு விழுந்து, அடைக்கலம் புகுந்திருந்த கிறிஸ்தவக் குடும்பங்கள் செத்தன. மிகப் பழைய சபைகளில் ஒன்று அது, நம் மிஷனரிகள் கப்பல் ஏறுவதற்கு ஆயிரம் வருடத்துக்கு மேல் முன்பே அங்கே ஆராதனை நடந்தது. 2025 ஜூலை 17 இல் அங்குள்ள ஒரே கத்தோலிக்க ஆலயமும் தாக்கப்பட்டு மூன்று பேர் இறந்தார்கள். எங்கள் குழுவில் இந்த இரண்டு நாளும் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. துணிப்படத்தில் அவர்களுக்கு இடமில்லை, அதனால் கண்ணுக்கே தெரியவில்லை. இஸ்ரேலை நேசிக்கிறோம் என்கிறார்களே, அந்த நேசமும் விசித்திரமானது: சகரியா 13:8 ஐ இதே ஆட்கள் விளக்கும்போது, கடைசி யுத்தத்தில் தேசத்து ஜனத்தில் மூன்றில் இரண்டு பங்கு மாண்டுபோகும் என்று குரல்கூட மாறாமல் சொல்கிறார்கள். 2023 அக்டோபர் 7 இல் ஹமாஸ் தாக்குதலில் கொல்லப்பட்ட யூதர்களும் அவர்களுக்கு ஒரு அடையாளம்தான். 2009 இல் முள்ளிவாய்க்காலில் அவ்வளவு பேர் செத்தார்கள், அவர்களில் ஜெபமாலையோடும் வேதாகமத்தோடும் செத்தவர்கள் எத்தனையோ பேர். அப்போது எந்தக் கூட்டத்திலும் யாரும் வசனம் தேடியதாக எனக்கு நினைவில்லை. எசேக்கியேலில் வன்னி இல்லை போலிருக்கிறது.

சும்மா உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போவதோடு எல்லாரும் நிற்பதும் இல்லை. 1969 ஆகஸ்டு 21 இல் மைக்கேல் ரோஹன் என்ற ஆஸ்திரேலியக் கிறிஸ்தவ இளைஞர் எருசலேமின் அல் அக்சா மசூதிக்குத் தீ வைத்தார். மசூதி இடிந்தால் ஆலயம் எழும்பும், ஆலயம் எழும்பினால் இயேசு வருவார் என்பது அவர் கணக்கு. சலாதீன் காலத்து மரப் பிரசங்க மேடை, ஏறக்குறைய 800 வருடப் பழையது, எரிந்து போனது. நீதிமன்றம் அவருக்கு மனநிலை சரியில்லை என்றது. இருக்கலாம். ஆனால் கணக்கு அவர் சொந்தமாகப் போட்டது இல்லையே, அச்சில் படித்தது.

இவ்வளவுக்கும் இயேசு சொன்ன வசனத்தை முழுசாகப் படித்தாலே போதும். "யுத்தங்களையும் யுத்தங்களின் செய்திகளையும் கேள்விப்படுவீர்கள்" என்பதோடு சுவரொட்டி நிற்கிறது. மத்தேயுவில் அது அங்கே நிற்கவில்லை. கலங்காதபடி எச்சரிக்கையாயிருங்கள் என்று வருகிறது, "ஆனாலும், முடிவு உடனே வராது" என்று முடிகிறது. போர் வந்தால் முடிவு என்று நினைத்துவிடாதீர்கள் என்பதற்காகச் சொன்னதை எடுத்து, போர் வந்துவிட்டது அதனால் முடிவு என்று சொல்ல ஒரு தனித் திறமை வேண்டும்.

ஆசிரியர் அவர்களே, இந்த மாதிரிக் கட்டுரையே போடாதீர்கள் என்று நான் கேட்கவில்லை. அவரவர் நம்பிக்கையை எழுதட்டும். ஆனால் அடுத்த தடவை இப்படி ஒருவர் எழுதி அனுப்பினால், 2022 இல் நீங்கள் என்ன சொன்னீர்கள், 2003 இல் பாக்தாத் விழுந்தபோது என்ன சொன்னீர்கள் என்று தொலைபேசியில் ஒரு கேள்வி கேட்டு, அவர் பதிலையும் கட்டுரையோடு சேர்த்துப் போடுங்கள். வானிலை அறிக்கை தப்பினாலே நீங்கள் விடுவதில்லை. கூடவே இதை வேறு மாதிரி வாசிக்கிற ஒரு கத்தோலிக்கக் குருவோ லூத்தரன் ஆயரோ எழுதினால் அதற்கும் கால் பக்கம் கொடுங்கள். கூட்டம் நடத்துகிறவர்களிடம் நான் கேட்பது, ஒலிபெருக்கியை ராத்திரி ஒன்பது மணிக்காவது நிறுத்துங்கள். எங்கள் பிள்ளை தூங்க வேண்டும்.

1991 உபவாசக் கூட்டத்துப் பிரசங்கத்தை அப்போதே கேசட்டில் போட்டு ஆலய வாசலில் 25 ரூபாய்க்கு விற்றார்கள். நான் ஒன்று வாங்கினேன், இன்னும் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. அந்தக் கூட்டத்தை நடத்தியவர்களே விரும்பினால் கொடுக்கத் தயார், அடுத்த வாரம் அதே பந்தலில் போட்டுக் கேட்கலாம். டேப் ரிக்கார்டர்தான் என்னிடம் ஓடவில்லை. பழுது பார்க்கத் தெரிந்தவர் யாராவது பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் இருந்தால் உங்கள் பத்திரிகை வழியாகத் தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
பாளையங்கோட்டை.